அரிவாள் செல் மாறுபாடு: 140 மாதிரிகள், ஒரு தெர்மோசைக்ளர், 60,000 ரூபாய். எந்த முறையில் போகலாம்?

மலையடி எழுதியது:

வணக்கம். கோவையில் முதுநிலை உயிர்தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் வழிகாட்டியும் கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை செய்யும் ஒரு மருத்துவக் குழுவும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, பணியர், முள்ளுக்குறும்பர் குடியிருப்புகளில், சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் பரம்பரை மாறுபாடு யாரிடம் இருக்கிறது என்று பார்க்க 140 பேரிடம் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். எல்லாமே ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாய்கள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நானேதான் கீழே கொண்டுவந்தேன்.

இந்தியாவில் அரிவாள் செல் முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. 1952-ல் லேமன், கட்புஷ் இருவரும் இங்கே பார்த்துச் சொன்னார்கள். அதைப் படித்ததிலிருந்து இந்த வேலையைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பிரச்சினை பணம்தான். டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சேங்கர் சீக்வன்ஸிங்குக்கு ஒரு வினைக்கு 400 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் படித்தால் 1,12,000 ஆகிவிடும். எங்களிடம் இருப்பது மொத்தமே 60,000. அதில்தான் டிஎன்ஏ எடுக்கவும் வேண்டும். கையில் பிசிஆர் (டிஎன்ஏ-வின் ஒரு பகுதியை மட்டும் பல மடங்காகப் பெருக்குவது) செய்ய ஒரு பழைய தெர்மோசைக்ளர், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்க ஜெல் தொட்டி, பட்டைகளைப் பார்க்க யுவி பெட்டி இருக்கின்றன. பக்கத்துத் துறையில் ஒரு ரியல் டைம் பிசிஆர் மிஷின் உண்டு, சனிக்கிழமை மட்டும் கேட்டால் தருவார்கள்.

ஆர்எஃப்எல்பி, ஆர்ம்ஸ், எச்ஆர்எம் மூன்றைப் பற்றியும் படித்தேன். படிக்கப் படிக்க எல்லாமே நல்லதாகத்தான் தெரிகிறது. செய்து பார்த்தவர்கள் எதைச் சொல்வீர்கள்?

வரிசைவாசிப்பு எழுதியது:

எல்லா மாதிரிக்கும் சேங்கர் தேவையில்லை. மலிவான முறை ஒன்றில் 140-ஐயும் பார்த்துவிட்டு, அதில் ஒரு 15-ஐ மட்டும் சீக்வன்ஸிங்குக்கு அனுப்புங்கள். மூன்று வகையிலும் (ஜீனின் இரண்டு நகலும் சாதாரணமான ஏஏ, ஒன்று மட்டும் மாறிய ஏஎஸ், இரண்டும் மாறிய எஸ்எஸ்) சில, சந்தேகமானவை எல்லாம், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சில என்று கலந்து அனுப்புங்கள். ஒரு பக்கம் படித்தாலே போதும். 6,000 ரூபாயில் முடியும்.

இன்னொன்று. பழைய கட்டுரைகள் இந்தப் பிறழ்வு இருப்பது ஆறாவது அமினோ அமில இடம் என்று சொல்லும், புதியவை ஏழாவது என்று எழுதும். முதல் மெதியோனினைக் கணக்கில் சேர்ப்பதும் விடுவதும்தான் வித்தியாசம். ஆய்வேட்டில் ஒரே முறையில் எழுதுங்கள். தரவுத்தளத்தில் ஆர்எஸ்334 என்ற இதன் எண்ணைத் தேடினால் குழப்பமே வராது.

ஜெல்_அறை எழுதியது:

தம்பி, 18 வருஷமாக இதே வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்களுக்கு நான் சொல்வது, டிஎன்ஏ-வைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் மட்டும் வெட்டும் டிடிஇ-1 நொதியை வைத்துச் செய்யும் ஆர்எஃப்எல்பி.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உண்டாக்கும் பீட்டா குளோபின் ஜீன் சாதாரணமாக இருந்தால் அந்த இடத்தில் சிசிடி ஜிஏஜி என்று வரும். டிடிஇ-1 தேடுவது சி, டி, அடுத்து எந்த எழுத்தானாலும் சரி, அப்புறம் ஏ, ஜி. அந்த ஜிஏஜி-க்குள் இருக்கும் ஏ, டி-யாக மாறுவதுதான் அரிவாள் பிறழ்வு. மாறினால் நொதிக்கு அந்த இடம் தெரியாது, வெட்டாது. ஆகவே ஏஏ என்றால் வெட்டுப்பட்ட துண்டுகள் மட்டும், எஸ்எஸ் என்றால் வெட்டாத துண்டு மட்டும், ஏஎஸ் என்றால் இரண்டும் ஜெல்லில் தெரியும். பிசிஆர் பற்றி 1985 டிசம்பரில் சயன்ஸ் இதழில் வந்த முதல் கட்டுரையே இதே ஜீன், இதே பிறழ்வைப் பற்றியதுதான். அப்போது வெப்பம் தாங்கும் டாக் நொதி புழக்கத்துக்கு வரவில்லை. கலிபோர்னியாவில் சீட்டஸ் நிறுவனத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதி விட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கஷ்டமெல்லாம் நமக்கு இல்லை.

கணக்கு: 140 மாதிரி, கன்ட்ரோல் (முடிவு முன்பே தெரிந்த மாதிரி), திரும்பச் செய்வது எல்லாம் சேர்த்து 170 என்று வையுங்கள். ஒன்றுக்கு 5 யூனிட் போட்டால் 850. 1,000 யூனிட் குப்பி ஒன்று போதும். டிஎன்ஏ எடுக்க கிட் வாங்காதீர்கள். உப்புப் போட்டுப் புரதத்தைப் படியவைக்கும் முறை 1988-லிருந்து இருக்கிறது, அந்த டிஎன்ஏ இதற்குத் தாராளமாகப் போதும். கழுவும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். சிவப்பு நிறம் கொஞ்சம் மிஞ்சினாலும் ஹீம் பிசிஆரை நிறுத்திவிடும்.

ஆர்ம்ஸ் முறையும் நல்லதுதான், நொதிச் செலவும் மிச்சம். பிரைமரின் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) கடைசி எழுத்து பொருந்தினால் பெருகும், பொருந்தாவிட்டால் பெருகாது. ஆனால் அதில் ‘பட்டை வரவில்லை’ என்பதும் ஒரு பதில். பிறழ்வு இல்லாததால் வரவில்லையா, பிசிஆரே ஓடாததால் வரவில்லையா என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு குழாயிலும் இன்னொரு ஜோடி பிரைமர் போட்டு ஒரு பொதுப் பட்டையை எழுப்பியே ஆக வேண்டும். பிழை திருத்தும் வகைப் பாலிமரேஸைத் தப்பித்தவறிப் போட்டுவிட்டால் அது கடைசி எழுத்தையே சரிசெய்துகொண்டு போய்விடும், எல்லோருக்கும் பட்டை வரும். வெப்பநிலையை ஒரு டிகிரி இப்படி அப்படி நகர்த்தி ஒழுங்குபடுத்தவே முதல் தடவை செய்கிறவருக்கு ஒரு மாதம் போகும்.

ஆர்எஃப்எல்பியும் தவறும். எந்தப் பக்கம் தவறும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நொதி பாதி வேலை செய்தால் வெட்டாத துண்டு மிஞ்சும். ஏஏ ஆன ஆள் ஏஎஸ் மாதிரித் தெரிவார்.

இது எனக்கே நடந்தது. 2009, மின்வெட்டுக் காலம். எங்கள் மைனஸ் 20 ஃப்ரீசருக்கு இன்வெர்ட்டர் கிடையாது. நொதிக் குப்பியில் பாதி கிளிசரால் இருப்பதால் மைனஸ் 20-லும் அது உறையாது, தண்ணீராகவேதான் இருக்கும். ஆகவே ராத்திரி முழுக்க வெதுவெதுப்பில் கிடந்தாலும் காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அன்று 40 மாதிரி ஓட்டினேன். யுவி பெட்டியைத் திறந்தால் 11 கிணறுகளில் மூன்று பட்டை. பதினோரு கேரியர் (ஏஎஸ் ஆட்கள்) என்று நோட்டில் எழுதியே விட்டேன். பெயர் வாரியாகப் பார்க்கும்போதுதான் அந்தப் பதினொன்றில் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் எண் இருந்தது. கன்ட்ரோலுக்காக அவரே ரத்தம் கொடுத்திருந்தார். எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை) செய்து ஏஏ என்று உறுதியான ஆள்.

ஜெல் படத்தைத் திரும்ப எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவருடைய கிணற்றில் மேல் பட்டை மங்கல், கீழே இரண்டும் பளிச்சென்று. பக்கத்தில் நிஜமான ஏஎஸ் கன்ட்ரோலில் மேல் பட்டைதான் தடிமன். இதற்குக் காரணம் இருக்கிறது. ஏஎஸ் ஆளின் பிசிஆரில் ஏ இழையும் எஸ் இழையும் ஒன்றோடொன்று பிணைந்து கலப்பு ஜோடிகள் உண்டாகும், அவற்றையும் நொதி வெட்டாது. அதனால் நிஜ ஏஎஸ்-ல் மேல் பட்டை பாதிக்கு மேலேயே இருக்கும். புதுக் குப்பி வாங்கி மறுபடி வெட்டியதில் பதினொன்றில் நான்குதான் ஏஎஸ். மீதி ஏழு பேருக்கு நான் ‘கேரியர்’ என்று சீட்டு கொடுத்திருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் பிரைமரை எடுக்கும்போது, பெருகும் துண்டுக்குள் பிறழ்வோடு சம்பந்தமில்லாத இன்னொரு டிடிஇ-1 வெட்டிடமும் விழுகிற மாதிரிப் பாருங்கள். அந்த இடம் எல்லோருக்கும் முழுசாக வெட்டுப்பட வேண்டும். அங்கே மிச்சம் தெரிந்தால் அந்தக் கிணற்றுக்குப் பதில் எழுதாதீர்கள். வெட்டிடம் பார்க்க என்இபி கட்டர் என்ற இணையக் கருவி இலவசம். நொதியின் அளவு மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், கிளிசரால் கூடினால் நொதி கண்ட இடத்தில் வெட்ட ஆரம்பிக்கும்.

பிரைமர் விஷயத்தில் இன்னொரு கண்ணி. பீட்டாவுக்குப் பக்கத்திலேயே டெல்டா குளோபின் ஜீன் இருக்கிறது, முதல் எக்ஸான் (புரதத்துக்கான பகுதி) கிட்டத்தட்ட ஒரே எழுத்து. அதிலும் சிசிடி ஜிஏஜி இருக்கிறது. உங்கள் பிரைமர் இரண்டையும் பிடித்தால் எஸ்எஸ் ஆளுக்கும் வெட்டுப்பட்ட துண்டு வரும், ஏஎஸ் என்று படித்துவிடுவீர்கள். பீட்டாவும் டெல்டாவும் நன்றாக வேறுபடும் இடத்தில் பிரைமரின் முனை விழ வேண்டும்.

ஒவ்வொரு ஜெல்லிலும் தெரிந்த ஏஏ, ஏஎஸ், எஸ்எஸ் மூன்றும், டிஎன்ஏ போடாத வெறும் குழாய் ஒன்றும் கட்டாயம். காசு மிச்சம் பிடிக்க இதில் கை வைக்காதீர்கள். பத்து மாதிரிக்கு ஒன்று வீதம் இன்னொருவரை விட்டு எண்ணை மாற்றச் சொல்லி, யாருடையது என்று தெரியாமல் திரும்ப ஓட்டுங்கள்.

உருகல்கோடு எழுதியது:

ரியல் டைம் மிஷின் இருக்கிறது என்றதும் எச்ஆர்எம் சொல்லத்தான் வந்தேன். ஜெல்_அறை அக்கா எழுதியதைப் படித்த பிறகு, உங்கள் விஷயத்தில் அதைத் தனியாக நம்பாதீர்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எச்ஆர்எம் அருமையான முறை. 2003-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் விட்வர் குழு கொண்டுவந்தது. குழாயைத் திறக்கவே வேண்டாம், ஜெல் வேண்டாம், பிசிஆர் முடிந்ததும் மெதுவாகச் சூடேற்றி டிஎன்ஏ எந்த வெப்பத்தில் பிரிகிறது என்று பார்த்தால் போதும். ஏஎஸ்-ஐ உடனே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அக்கா சொன்ன அதே கலப்பு ஜோடிகள் சீக்கிரமே பிரிந்து கோட்டின் வடிவத்தையே மாற்றிவிடும்.

சிக்கல் ஏஏ, எஸ்எஸ் இரண்டையும் பிரிப்பதில். சி-யோ ஜி-யோ, ஏ-யாகவோ டி-யாகவோ மாறினால் ஒரு டிகிரி அளவுக்கு வித்தியாசம் வரும். இங்கே நடப்பது ஏ-யிலிருந்து டி. இழை ஜோடியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏ-டிதான், இடம் மட்டும் மாறுகிறது. வித்தியாசம் 0.2 டிகிரிகூட வராது. பழைய மிஷினில் இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்துவிடும்.

ஒரு வழி உண்டு. ஏஎஸ் மாதிரி தெரியாத மாதிரிகளில் ஒவ்வொன்றிலும், தெரிந்த ஏஏ டிஎன்ஏ-வைக் கொஞ்சம் கலந்து மறுபடி ஓட்டுங்கள். அது ஏஏ ஆக இருந்தால் கோடு மாறாது. எஸ்எஸ் ஆக இருந்தால் இப்போது கலப்பு ஜோடி உண்டாகி, ஏஎஸ் போல வளையும். நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். அப்புறம், மிஷினில் எச்ஆர்எம் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எல்லா ரியல் டைம் மிஷினிலும் இருக்காது. அதற்கான சாயமும் வேறு, வழக்கமான சைபர் கிரீன் போதாது. ஆர்எஃப்எல்பியில் முடிவு எடுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை இதைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மலைமருத்துவம் எழுதியது:

நான் ஆய்வகத்து ஆள் இல்லை. கூடலூர் பக்கம் ஆறு வருஷம் மருத்துவராக இருந்தேன். எல்லோரும் முறையைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், அந்த முறை எதைப் பார்க்காது என்பதை நான் சொல்கிறேன்.

அடிக்கடி எலும்பு வலி, மஞ்சள் கண், வீங்கிய மண்ணீரல் என்று வந்த ஒரு ஐந்து வயதுக் குழந்தைக்கு எங்கோ ஓர் இடத்தில் டிஎன்ஏ பரிசோதனை செய்து ‘ஏஎஸ், கேரியர் மட்டுமே’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கேரியருக்கு இப்படியெல்லாம் வராது. எச்பிஎல்சி எடுத்தால் சாதாரண ஏ ஹீமோகுளோபினே இல்லை, அரிவாள் வகையான எஸ்ஸும், எஃப்பும், கூடுதலாக ஏ2-வும்தான். அந்தக் குழந்தைக்கு ஒரு பக்கம் அரிவாள் ஜீன், மறுபக்கம் பீட்டா தலசீமியா ஜீன் (பீட்டா குளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பிறழ்வு உள்ளது). அரிவாள் இருக்கும் ஓர் எழுத்தை மட்டும் பார்க்கும் சோதனைக்கு அந்தத் தலசீமியா ஜீன் ‘ஏ’ என்றுதான் தெரியும், ஏனென்றால் அதில் பிழை இருப்பது வேறு இடத்தில். நீங்கள் செய்யப்போகும் ஆர்எஃப்எல்பிக்கும் இது அப்படியே பொருந்தும், தம்பி.

ஆகவே ஏஎஸ் என்று வந்து, உடம்புக்கு முடியாமல் இருப்பவர் யாராவது இருந்தால் இரத்த எண்ணிக்கையையும் எச்பிஎல்சியையும் சேர்த்துப் பாருங்கள். சிவப்பணு சிறுத்திருந்தால் தலசீமியா பிறழ்வுகளைத் தேட வேண்டும். இந்தியாவில் அதிகம் காணப்படுவது ஐந்து: ஐவிஎஸ் 1-5, ஐவிஎஸ் 1-1, கோடான் 8/9, கோடான் 41/42, அப்புறம் 619 எழுத்து அழிந்துபோன வகை. இவற்றுக்குத்தான் ஆர்ம்ஸ் உண்மையில் கைகொடுக்கும். கடைசி வகைக்கு ஆர்ம்ஸ்கூட வேண்டாம், அழிந்த பகுதியின் இரண்டு பக்கமும் பிரைமர் போட்டால் துண்டின் நீளமே சொல்லிவிடும்.

முடிவுகளை யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். ஒரு முகாமில் மொத்தப் பட்டியலையும் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு பெண்களுக்குப் பேசி வைத்த கல்யாணம் நின்றது. அந்தப் பெண்கள் இருவரும் கேரியர்தான், அவர்களுக்கு நோயே கிடையாது. ஒருத்தியின் அம்மா என் அறை வாசலில் உட்கார்ந்து, ‘என் பிள்ளைக்கு என்ன கெட்ட ரத்தம்?’ என்று கேட்டது மறக்காது. முடிவு அந்தந்த ஆளுக்கு மட்டும், அவருடைய மொழியில், தனியாகச் சொல்லப்பட வேண்டும். ஆய்வுக்கூடத்து முடிவை மருத்துவ முடிவாகக் கொடுக்கக் கூடாது, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எச்பிஎல்சி செய்து உறுதிப்படுத்திய பிறகே கொடுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தில் 40 வயது வரைக்கும் உள்ளவர்களைச் சோதித்து அட்டை கொடுக்கிறார்கள். உங்கள் 140 பேரில் யாரிடம் அந்த அட்டை இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள், உங்கள் ஜெல்லுக்கு அதுவும் ஒரு சாட்சி.

மலையடி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி ஆர்எஃப்எல்பியில் இறங்கினேன். டாக்டர் சொன்னபடி முடிவு சொல்லும் முறையை வழிகாட்டியிடம் பேசி, ஊரில் வேலை செய்யும் செவிலியர் அக்கா ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறோம்.

முதல் ஜெல் தப்பாகத்தான் வந்தது. எஸ்எஸ் கன்ட்ரோலில் வெட்டுப்பட்ட துண்டு மங்கலாகத் தெரிந்தது. பக்கத்து ஏஏ-வைத் தவறி ஊற்றிவிட்டேனோ என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. மறுபடி ஓட்டினாலும் அதே மங்கல். அப்போதுதான் டெல்டா ஞாபகம் வந்தது. பிரைமரை நான் பழைய கட்டுரை ஒன்றிலிருந்து அப்படியே எடுத்திருந்தேன். தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்தால் இரண்டு ஜீனிலும் உட்காருகிறது. ஒரு பிரைமரை மட்டும் மாற்றி வாங்கினேன். இப்போது எஸ்எஸ் சுத்தமாக ஒரே பட்டை. பொது வெட்டிடமும் முழுசாக வெட்டுப்படுகிறது.

நேற்றுவரை 62 மாதிரி முடிந்தது. அதில் ஒரு பத்து வயதுப் பையனின் முடிவு ஏஎஸ், ஆனால் கேஸ் ஷீட்டில் இரண்டு தடவை இரத்தம் ஏற்றியதாக இருக்கிறது. இவனுக்கு எச்பிஎல்சி பார்க்கலாமா?

மலைமருத்துவம் எழுதியது:

எச்பிஎல்சி கட்டாயம் பார்க்க வேண்டும். கடைசியாக இரத்தம் ஏற்றியது எப்போது என்று முதலில் கேளுங்கள். சமீபத்தில் ஏற்றியிருந்தால், கொடுத்தவருடைய ஏ ஹீமோகுளோபின் எச்பிஎல்சியில் தெரிந்து குழப்பும். மூன்று மாதம் ஆகியிருந்தால் எடுக்கலாம். அம்மா அப்பா இருவருக்கும் சேர்த்துச் செய்துவிட்டால் காத்திருக்கவும் வேண்டாம், ஒருவர் ஏஎஸ், இன்னொருவருக்கு ஏ2 கூடுதல் என்று வந்தாலே ஏறக்குறைய பதில் கிடைத்துவிடும்.

ஜெல்_அறை எழுதியது:

அந்தப் பையனின் டிஎன்ஏ-வைத் தனிக் குழாயில் பிரித்து வையுங்கள், ஐவிஎஸ் 1-5-க்கு முதலில் ஆர்ம்ஸ் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கான பிரைமரும், உறுதி செய்த கன்ட்ரோல் டிஎன்ஏ 20 மைக்ரோலிட்டரும் என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், ஐஸ் பெட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள்.